காட்டை வெட்டினா மழை குறையுமா? அமேசன் கதை நம்மட மட்டக்களப்பு, அம்பாறைக்குப் பொருந்துமா?

படுவான்கரைப் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில ஒரு வாக்குவாதம் வந்து, அது முடியாமலே கூட்டம் கலைஞ்சிட்டு, அதான் விசயம் தெரிஞ்ச ஆக்கள்கிட்டக் கேப்பம் எண்டு இஞ்ச போடுறன். மேல்பக்கம் மகாஓயா, பதியத்தலாவைப் பக்கமெல்லாம் காட்டை வெட்டிச் சோளம் போட்டுக்கிட்டு வாறாங்க, இப்பிடியே போனா நமக்கு மழையே இல்லாமப் போயிடும், அமேசன்ல அதுதான் நடக்குது எண்டு கெம்பஸ்ல படிக்கிற ஒரு தம்பி சொன்னான். உடன எங்கட வட்டையில, அதாவது எங்கட வயல்வெளியில, மூத்த ஆள் ஒருத்தர், எனக்கு மாமா முறை, எழும்பி நிண்டு “நம்மட மாரி மழை வாடையோட கடலால வாற மழை, கடல் வத்தப் போறதுமில்ல மழை நிக்கப் போறதுமில்ல, காட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்” எண்டு கேட்டார். ரெண்டு பேருக்குமே ஆக்கள் கை தட்டினாங்க.

எனக்கும் ரெண்டுமே சரி மாதிரித்தான் கிடக்கு. ஆனா ஒண்டு, மாரி இப்ப முந்தின மாதிரி இல்ல, புரட்டாதி ஐப்பசியில விதைச்சுப்போட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கம், மறுகா கார்த்திகை மார்கழியில ஒரேயடியாக் கொட்டி வயலெல்லாம் மூழ்குது, மறுகா சிறுபோகத்துக்கு குளத்தில தண்ணி இல்ல, பாதிக் காணிக்குத்தான் விடலாம் எண்டு சொல்றாங்க. இது காடு வெட்டினதால வந்ததா, உலகம் சூடாகிறதால வந்ததா, இல்ல ரெண்டும் சேந்தா? உண்மையில அந்த அமேசன்ல என்னதான் நடக்குது? ஆர் வெட்டுறாங்க எண்ட அரசியல் இஞ்ச வேணாம், தண்ணிக் கதைய மட்டும் சொல்லுங்க, அடுத்த கூட்டத்தில நான் விளக்கமாப் பேசணும்.


கல்லடிப் புவியியல் வாத்தி:

தம்பி, உங்கட மாமாவும் அந்தத் தம்பியும் ரெண்டு வேற மழையப் பத்திக் கதைக்கிறாங்க, அதாலதான் ரெண்டு பேரும் சரி மாதிரித் தெரியுது. முதல்ல அமேசனச் சொல்றன், நம்மட ஊருக்குப் பொறகு வாறன்.

அமேசனுக்கும் மழை கடலாலதான் வருது. அத்திலாந்திக் சமுத்திரத்தில இருந்து வியாபாரக் காற்று ஈரத்தச் சுமந்துக்கிட்டு கிழக்கால உள்ளுக்கு வரும். ஆனா அந்தக் காடு கிழக்கு மேற்கா மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல கிடக்கு. கடல்ல இருந்து வந்த ஈரம் முதல் கொஞ்சத் தூரத்திலயே மழையாக் கொட்டி முடிஞ்சிருந்தா, உள்ளுக்க போகப் போக நிலம் காய்ஞ்சிருக்கணும். அப்பிடி இல்ல, மேற்குப் பக்கம் அந்தீஸ் மலையடிவாரத்திலதான் இன்னும் கனக்க மழை. எப்பிடி? விழுந்த மழைய மரம் உறிஞ்சி இலையால திருப்பி நீராவியா விடுது, ஆவியுயிர்ப்பு எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்க, அந்த ஆவி மேல போய்த் திரும்ப முகிலாகி இன்னும் உள்ளுக்கத் தள்ளி மழையா விழுது, அத அங்க உள்ள மரம் உறிஞ்சி மறுகா விடுது. மேல் வயல்ல வடியிற தண்ணி அடுத்த வயலுக்குப் பாயிற மாதிரி, ஒரே தண்ணி பல தரம் மழையாகி மேற்கு நோக்கிப் போகுது.

இத ஆர் கண்டுபிடிச்சது எண்டா பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாட்டியும் அவரோட சேந்த ஆக்களும், 1979ல. அவங்க செய்த வேலை எனக்கு எப்பவும் பிடிச்ச ஒண்டு, வகுப்பிலயும் விருப்பமாச் சொல்லிக் குடுப்பன். தண்ணியில சாதாரண ஒட்சிசனும் இருக்கு, கொஞ்சம் பாரமான ஒட்சிசனும் இருக்கு. முகில் மழையா விழேக்க பாரமானது முந்தி விழும், அதால கடற்கரையில இருந்து தூரம் போகப் போக மழைத்தண்ணியில பாரமான ஒட்சிசன் வேகமாக் குறைஞ்சு போகணும். அமேசன்ல எடுத்த மழைத்தண்ணியில அது எதிர்பார்த்த அளவு குறையல்ல. ஏனெண்டா மரம் தான் உறிஞ்சின தண்ணிய அதே கலவையோட ஆவியாத் திருப்பி விடுது. இதை வெச்சுத்தான் அந்த வடிநிலத்து மழையில பாதிக்குக் கிட்ட காடே திருப்பி விட்ட தண்ணி எண்டு கணக்குப் போட்டாங்க. பொறகு வந்த ஆய்வுகள்ல விகிதம் கூடிக் குறைஞ்சு வந்தாலும், காடு தன்ட மழையில பெரிய பங்கைத் தானே செய்யுது எண்டது நிலைச்சிட்டு.

ஒரு நாளைக்கு அந்தக் காடு வெளிய விடுற நீராவி கிட்டத்தட்ட 2,000 கோடி தொன் எண்டு அன்டோனியோ நோப்ரே எண்ட பிரேசில் விஞ்ஞானி கணக்குச் சொல்லியிருக்கார். அமேசன் ஆறு ஒரு நாளைக்குக் கடலுக்குக் கொண்டு போற தண்ணியே அவருர கணக்கில அதைவிடக் குறைவு, 1,700 கோடி தொன். அந்த ஆவி மேற்கால போய் அந்தீஸ் மலையில முட்டி தெற்கால கிறுகி, பொலிவியா, பராகுவே, தெற்கு பிரேசில் எண்டு போய் மழையா விழுது. பறக்கும் ஆறு எண்டு அங்க சொல்றாங்க. அதால காட்ட ஒரு இடத்தில வெட்ட, மழை குறையிறது ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அங்கால சோயா போடுற கமக்காரனுக்கு.

இப்ப வெட்டினா என்ன ஆகும் எண்டத்துக்கு வாறன். மழைக்காட்டு மரங்கள்ர வேர் எட்டு மீற்றருக்கும் கீழ போகுது எண்டு கிழக்கு அமேசன்ல 1990கள்ல தோண்டிப் பாத்தாங்க. வறட்சி மாசங்கள்லயும் ஆழத்துத் தண்ணிய இழுத்து ஆவியா விட்டுக்கிட்டே இருக்கும், அடுத்த மழைக்காலம் தொடங்கிறதுக்கு வேண்டிய முதல் ஈரம் அந்த ஆவிதான். காட்ட வெட்டி மாட்டுக்குப் புல்லுப் போட்டா, புல்லுர வேர் மேலாலதான், மழை நிண்ட கொஞ்ச நாள்ல அது காய்ஞ்சு பேசாமக் கிடக்கும். ஆவி இல்ல, முகில் பிந்துது, மழைக்காலம் பிந்தித் தொடங்குது. தெற்கு அமேசன்ல 1980க்குப் பொறகு வறட்சிக்காலம் நாலைஞ்சு கிழமை நீண்டிருக்கு எண்டு அங்க ஆய்வு செய்யிற ஆக்கள் எழுதியிருக்காங்க.

ஒரு விசயம் மட்டும் அவதானமாச் சொல்லணும். சின்னத் துண்டுகளா வெட்டினா அந்த வெட்டை கெதியாச் சூடாகி, பக்கத்துக் காட்டுக் குளிர்க்காற்று உள்ளுக்க வந்து மேல எழும்பி, அந்த இடத்தில மழை கூடுறதும் உண்டு. பிரேசில் ரொண்டோனியா மாநிலத்தில இதப் பாத்திருக்காங்க. அதால “வெட்டினம், மழை குறையல்லயே” எண்டு சொல்ற ஆக்கள் பொய் சொல்லல்ல, அவங்க பாத்தது துண்டு வெட்டின காலம். வெட்டின இடம் பெரிசாகப் பெரிசாக அது மாறி மழை குறையத் தொடங்குது. 2012ல ஸ்பிராக்லன் எண்டவரும் குழுவும் செய்மதித் தகவலோட காற்று வந்த பாதையையும் வெச்சுப் பாத்து, முந்தின சில நாள் நல்ல காட்டுக்கு மேலால வந்த காற்று, மரம் குறைஞ்ச நிலத்துக்கு மேலால வந்த காற்றைவிட ரெண்டு மடங்குக்குக் குறையாத மழை குடுக்குது எண்டு காட்டினாங்க, அயன மண்டல நிலத்தில பாதிக்கு மேல இப்பிடித்தான்.


சம்மாந்துறை வட்டையான்:

சேர் வானத்தச் சொல்லிட்டார், நான் நிலத்தச் சொல்றன், நமக்கு அதுதான் கிட்டக் கிடக்கு.

தம்பி, 1949ல இங்கினியாகலையில கல்லோயாத் திட்டம் தொடங்கி, நம்மட பட்டிப்பளை ஆத்த மறிச்சு சேனாநாயக்க சமுத்திரத்தக் கட்டினாங்க. 1954ல அந்தக் குளத்தச் சுத்தி இரிக்கிற காட்ட கல்லோயா தேசிய பூங்காவாக்கினாங்க. நம்மட ஆக்கள் கன பேர் அத யானை நீந்துறதப் பாக்கப் போற இடம் எண்டு மட்டும்தான் நினைக்கிறாங்க, உண்மையில அது குளத்துக்குத் தண்ணி வாற நீரேந்துப் பகுதியக் காப்பாத்துறதுக்கு வெச்ச காடு. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, நாவிதன்வெளி எண்டு இத்தின வட்டைக்கு வாய்க்கால்ல வாற தண்ணிக்கு அந்தக் காடுதான் காவல். அந்தக் காலத்தில திட்டம் போட்டவங்களுக்கு இது வெளங்கியிரிக்கு.

மழை காட்டில விழேக்க என்ன நடக்குது எண்டு நிண்டு பாத்தா வெளங்கும். ஒரு பங்கு இலையில தங்கி நிலத்துக்கு வராமலே ஆவியாப் போயிடும். மிச்சம் கிளையால, தண்டால மெதுவா இறங்கி சருகுக்கு மேல விழும். சருகுக்குக் கீழ வேரும் புழுவும் கறையானும் ஓட்டை போட்டு வெச்ச மண், தண்ணி உள்ளுக்க இறங்கும், இறங்கின தண்ணி மெது மெதுவா ஓடைக்கு வரும், மழை நிண்டு மாசக்கணக்காகியும் ஓடையில ஓட்டம் இரிக்கும்.

சோளத்துக்கு வெட்டின இடம் அப்பிடியில்ல. நல்லாக் கவனிங்க, சோளச் சேனைக்கு ஆவணி புரட்டாதியில வெட்டி எரிச்சுத் துப்பரவாக்கி முதல் மழையோட விதைப்பாங்க. அப்ப வருசத்திலயே பலத்த மழை தொடங்குற நேரத்தில அந்த மலைச்சரிவில மண் மொட்டையாக் கிடக்கு. சோளம் முழங்கால் உயரம் வாறதுக்குள்ள எத்தின மழை அடிச்சிரும். துளி நேரா மண்ணில அடிச்சு மண்ணுர வாயக் கட்டிரும், உள்ளுக்கப் போகாது, மேலால ஓடும், ஓடேக்க மண்ணையும் இழுத்துக்கிட்டு வரும். அந்த மண் எங்க போகும்? குளத்துக்குத்தான். குளத்துக்க மண் சேரச் சேரத் தண்ணிக்கு இடம் குறையும், கெதியா நிரம்பும், மிஞ்சின தண்ணிய வெளிய விட வான்கதவத் திறப்பாங்க, கீழ இரிக்கிற நம்மட வயல் மூழ்கும். ஆடி ஆவணி வரக்க குளத்தில ஒண்டுமில்ல. அதே அளவு மழைதான் பெய்ஞ்சிரிக்கும், ஆனா வெள்ளமும் வந்திரும், வறட்சியும் வந்திரும், ரெண்டும் ஒரே வருசத்தில.

எங்கட வாப்பா காலத்தில மாரி மழைக்குப் பொறகு வாய்க்கால் தண்ணி கலங்கினா அடுத்த நாள் தெளிஞ்சிரும் எண்டு சொல்வார். இப்ப நாள்கணக்கா செம்மண் நிறத்திலதான் வருது. பதிவுப் புத்தகம் இல்லாமலே மண் எவ்வளவு வருது எண்டு அந்த நிறம் சொல்லும். சோளம் போடுறவனையும் நான் குறை சொல்லல்ல, அவனும் நம்மளப் போல கமக்காரன்தான், கோழித்தீன் கம்பனிக்குச் சோளம் வேணும், விலை நல்லாக் கிடைக்குது, வேற வழியில்லாம மேல ஏறுறான். சரிவில எந்த உயரம் மட்டும் வெட்டலாம், ஓடைக் கரையில எவ்வளவு அகலம் விடணும் எண்டதத்தான் கறாராப் பாக்கணும்.


படுவான்கரைப் பெடியன்:

சேர், காக்கா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. வான்கதவு விசயம் எங்கட ஆக்களுக்கு உடன பிடிபடும், உன்னிச்சைக் குளம் திறக்கக்குள்ள நாங்க படுற பாடு எங்களுக்குத் தெரியும், மட்டக்களப்பு டவுணுக்குக் குடிக்கத் தண்ணி போறதும் அந்தக் குளத்தாலதான். ஆனா சேர், மாமாட கேள்வி அப்பிடியே கிடக்குதே. அமேசன் மாதிரி நம்மட காடும் மழைய உண்டாக்குதா இல்லயா?


கல்லடிப் புவியியல் வாத்தி:

வாறன் தம்பி. மாரி மழையப் பொறுத்தவரையில உங்கட மாமா சொன்னது பெரும்பாலும் சரி. ஐப்பசியில தொடங்கி தை வரைக்கும் நமக்கு விழுற மழை வங்காள விரிகுடாவால வாற ஈரம், வாடைக்காற்றும் தாழமுக்கங்களும் புயலும்தான் அதக் கொண்டு வருது. மட்டக்களப்புக்கு வருசத்துக்கு 1,600, 1,700 மில்லிமீற்றர் மழை எண்டா அதில பெரும்பங்கு இந்த நாலு மாசத்திலதான். நம்மட தீவுர கூடின அகலமே 225 கிலோமீற்றருக்குக் கிட்டத்தான், அமேசன்ல மாதிரி ஒரே தண்ணி பல தரம் கைமாறிப் போறதுக்கு இஞ்ச தூரம் இல்ல. அதால மேல காட்ட வெட்டினா வாடை மழை நிண்டு போகும் எண்டு கூட்டத்தில சொல்லாதீங்க. சொன்னா அடுத்த வருசம் மழை கொட்டேக்க, காடு பத்திச் சொன்ன மற்ற எல்லாத்தையும் ஆக்கள் பொய்யெண்டு தள்ளிருவாங்க.

ஆனா மாமா ஒரு மழையத்தான் கணக்கில எடுத்திருக்கார். பங்குனி சித்திரையில பின்னேரத்தில இடியோட வாற மழை இருக்கே, மேற்காவுகை மழை, அது நிலம் சூடாகி அந்த இடத்துக் காற்று எழும்பி வாறது. அதுக்கு வேண்டிய ஈரத்தில ஒரு பங்கு நிலத்தாலயும் மரத்தாலயும் குளத்தாலயும் எழும்புறது. சிறுபோகத்துக்கு அந்த மழை எவ்வளவு உதவி எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அடுத்தது வைகாசி தொடங்கி கச்சான் அடிக்கிற காலம். தென்மேல் பருவக்காற்று சிங்கராஜா, சிவனொளிபாதமலைப் பக்கத்தில ஈரத்தக் கொட்டிட்டு, மலை தாண்டி நமக்கு வறண்ட காற்றாத்தான் இறங்குது. சிங்கராஜாவுக்கு வருசத்துக்கு 3,600ல இருந்து 5,000 மில்லிமீற்றர் வரைக்கும் மழை, நம்மட பக்கம் அதே நேரம் நிலம் வெடிக்குது. அந்த மாசங்கள்ல நம்மட ஆறுகள்ல கொஞ்சமாவது ஓட்டம் இருந்தா அது மேல நிலத்துக்குள்ள சேத்து வெச்ச தண்ணிதான். பட்டிப்பளை ஆறு தொடங்குறது பதுளைக்குக் கிழக்கால இருக்கிற மலையில. உயர்ந்த மலையில கிடக்கிற காடு மூடுபனியில இருந்தே தண்ணி எடுக்கும், பனி இலையிலயும் பாசியிலயும் ஒட்டித் துளியா விழும், மழைமானியில அது பதியாது.

வட்டையான் சொன்னதோட ஒண்டு சேக்கணும். காட்ட வெட்டினா ஆத்தில வருசத்துக்கு ஓடுற மொத்தத் தண்ணி கூடத்தான் செய்யும், மரம் குடிக்கிறது நிண்டு போறதால. சின்ன நீரேந்துப் பகுதிகள்ல செய்த கனக்க ஆய்வு இதத்தான் காட்டுது. “காடு தண்ணியக் கூட்டும்” எண்டு பொதுவாச் சொல்றது அதால பிழை. கூடுற தண்ணி வெள்ளமா வேண்டாத நேரத்தில போகுது, வேண்டிய நேரத்தில ஓட்டம் குறையுது. கமக்காரனுக்கு மொத்தம் முக்கியமில்ல, ஆவணியில எவ்வளவு கிடக்கு எண்டதுதான் முக்கியம்.

தீவுக்கு இந்தக் காட்டு மழைக் கதை பொருந்தவே பொருந்தாது எண்டும் இல்ல. போர்னியோவும் தீவுதான், அங்க காடு கூட அழிஞ்ச ஆத்து வடிநிலங்கள்ல மழை கூடக் குறைஞ்சிருக்கு எண்டு கண்டிருக்காங்க. ஆனா போர்னியோ நம்மட நாட்டைவிடப் பதினொரு மடங்கு பெரிசு. இந்தியாவில மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் விடுற ஆவி தென்மேல் பருவத்தில தமிழ்நாட்டு மழைக்குக் கணிசமான பங்கு குடுக்குது எண்டு மும்பை ஐஐடி ஆக்கள் 2018ல எழுதினாங்க. பருவமழை குறைஞ்ச வருசங்கள்ல அந்தப் பங்குர பெறுமதி இன்னும் கூட.


தம்பிலுவில் புள்ள:

சேர், காக்கா, நான் விவசாயப் பக்கம் வேலை செய்றன், தம்பி கேட்ட உலகம் சூடாகிற பகுதிய நான் எடுக்கிறன்.

காற்று ஒரு பாகை சூடானா அதால கிட்டத்தட்ட 7 சதவீதம் கூட நீராவியப் பிடிச்சு வெச்சிருக்க ஏலும். இந்த ஒரு கணக்கில இருந்துதான் கன விசயம் வருது. கடலுக்கு மேலால வாற முகில் கூடத் தண்ணியச் சுமக்குது, கொட்டேக்க கூடக் கொட்டும். மழை இல்லாத நேரம் அதே சூடான காற்று மண்ணில இருந்தும் வயல்ல இருந்தும் குளத்தில இருந்தும் கூட ஈரத்த இழுக்கும். அதால “மழை கூடிச்சா குறைஞ்சிச்சா” எண்டு மொத்தத்த மட்டும் கேட்டா பதில் கிடைக்காது. பெய்யிற நாள் குறைஞ்சு, பெய்யிற நாள்ல அளவு கூடுறதுதான் தம்பி எழுதின மாதிரி விதைச்சுப்போட்டு வானத்தப் பாக்கிறதும் மறுகா மூழ்குறதும்.

மழைக்காட்டுக்கு இது எப்பிடி அடிக்குது எண்டா, காற்று சூடாகி வறண்டா மரம் தண்ணிய மிச்சம் பிடிக்க இலைத்துளைய மூடிக்கும். காற்றில காபனீரொட்சைட்டு கூடினாலும் மரத்துக்கு இலைத்துளைய அகலத் திறக்கத் தேவையில்ல, குறையத் திறந்தே வேண்டியத எடுத்துக்கும். ரெண்டு வழியாலயும் காடு விடுற ஆவி குறையுது, அதால மழை குறையுது, மழை குறைய மரம் இன்னும் மூடுது. இதுக்கு மேல வெட்டுறதும் எரிக்கிறதும் சேருது. ஈரமான மழைக்காடு தானா எரியாது, வெட்டின விளிம்பு காய்ஞ்சு போய், மாட்டுப் புல்லுக்கு வெச்ச நெருப்பு உள்ளுக்க போறதாலதான் எரியுது. அமேசன்ல இதுவரைக்கும் 17 சதவீதத்துக்குக் கிட்டக் காடு போயிட்டு. தோமஸ் லவ்ஜோயும் கார்லோஸ் நோப்ரேயும் 2018ல எழுதினது, 20க்கும் 25க்கும் இடையில போனா, சூடும் நெருப்பும் சேந்து கிழக்கிலயும் தெற்கிலயும் நடுவிலயும் பெரும்பகுதி திரும்பி வர ஏலாத மாதிரி மரம் ஐதான புல்வெளியா மாறிடும் எண்டு. அத வாசிச்ச நாள்ல இருந்து எனக்கு அந்த இலக்கம் மனசில கிடக்கு, மிச்சம் இருக்கிற இடைவெளி அவ்வளவு சின்னன்.

அங்க 2005, 2010, 2015-16, மறுகா 2023-24 எண்டு பெரிய வறட்சி திரும்பத் திரும்ப வந்திட்டு. 2023 ஒக்டோபர்ல மனாஸ் நகரத்தில நீக்ரோ ஆறு, 1902ல அளவெடுக்கத் தொடங்கினதில இருந்து கண்டிராத அளவு கீழ இறங்கிச்சு, அடுத்த வருசம் அதையும் விடக் கீழ போச்சு. 2023லயே தெஃபே எண்ட வாவியில தண்ணி 39 பாகைக்கு மேல சூடாகி நூற்றுக்கு மேல ஆத்து டொல்பின் செத்துப் போச்சு. வாவியோட வாழுற நம்மட ஆக்களுக்கு வாவித் தண்ணி அவ்வளவு சூடானா மீனுக்கும் இறாலுக்கும் என்னாகும் எண்டு ஆரும் சொல்லத் தேவையில்ல.

ஆனா தம்பி, அங்க காயிற அதே வருசம் இஞ்சயும் காயும் எண்டு நினைக்காதீங்க. பசிபிக் கடல் சூடாகிற எல் நினோ வருசத்தில அமேசன் காயும், நமக்கு ஒக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வாற மழை கூடுற பக்கம்தான் சாயும். அதுக்கு எதிரான லா நினா வருசத்தில தை மாசி மழை கூடும். 2011 தையிலயும் மாசியிலயும் மட்டக்களப்பும் அம்பாறையும் மூழ்கினது லா நினாக் காலம்தான், கதிர் முத்தின நேரம் வெள்ளம் நிண்டு அழிஞ்ச வெள்ளாமைய இஞ்ச ஆரும் மறக்க ஏலாது. அதால ஒரு வருச மழைய மட்டும் வெச்சு இது காடு வெட்டினதால, இது காலநிலை மாற்றத்தால எண்டு முடிவெடுக்கக் கூடாது. கடல் ஒரு பக்கம் ஆட்டுது, சூடு ஒரு பக்கம் கூட்டுது, விழுந்த தண்ணி வெள்ளமாகுதா குளத்தில தங்குதா எண்டதுக்குக் காடு பொறுப்பு. இந்த மூண்டில நம்மட கைக்குள்ள கிடக்கிறது கடைசிதான், உன்னிச்சைக்கு மேல இருக்கிற காட்டைக் காப்பாத்தச் சொல்லி நாம கடிதம் எழுதலாம், பசிபிக் கடலுக்கு எழுத ஏலாது.


ஏறாவூரான்:

எல்லாம் சரி, அப்ப கெதியா வளருற மரமா நட்டுட்டா பிரச்சினை முடிஞ்சுதானே? யூக்கலிப்டஸ், தேக்கு எண்டு ஏற்கனவே நட்டுத்தானே வெச்சிரிக்காங்க. ஒரு அஞ்சாறு வருசத்தில காடு வந்திரும்.


சம்மாந்துறை வட்டையான்:

மரம் வேற, காடு வேற தம்பி. மலைநாட்டில 1970கள்ல இருந்து பைன் மரம் ஏக்கர் கணக்கில நட்டாங்க. பாக்கப் பச்சையாத்தான் கிடக்கும். உள்ளுக்கப் போய்ப் பாருங்க, கீழ ஊசிச் சருகு மட்டும்தான் கிடக்கு, வேற செடி கொடி முளைக்கிறது குறைவு, வறட்சியில அந்தச் சருகு நெருப்புப் பிடிச்சா நிக்காது. பைன் நட்ட பொறகு பீலியில வாற ஊத்துத் தண்ணி குறைஞ்சிட்டு எண்டு அங்க உள்ள தோட்டத்து ஆக்கள் எத்தினையோ காலமாச் சொல்லிக்கிட்டு வாறாங்க. கெதியா வளருற மரம் எண்டா கெதியாத் தண்ணி குடிக்கிற மரம் எண்டுதான் அர்த்தம். தேக்கும் கோடையில இலையெல்லாம் கொட்டும், அகலமான இலையில மழை சேந்து பெரிய துளியா விழுந்து கீழ மண்ணக் கிண்டும், கீழ்ச்செடி இல்லாத தேக்கந்தோட்டத்தில மண் அரிக்கிறத நீங்களே பாக்கலாம்.

பாலையும் முதிரையும் வீரையும் கருங்காலியும் அடியில பத்தையுமாக் கிடக்கிற நம்மட வறண்ட வலயக் காடு சருகு சேத்து மண் செய்ய எத்தினையோ தலைமுறை எடுத்திரிக்கு. அஞ்சாறு வருசத்தில வராது. நடுறது நல்லம், நட வேணாம் எண்டு சொல்லல்ல, ஆனா நிக்கிறத வெட்டிப்போட்டு நடுறம் எண்டு கணக்குக் காட்டுறத ஒத்துக்க ஏலாது. வெட்டின இடத்தில நெருப்பும் மாடும் போகாமப் பாத்தா அதுவே முளைச்சு வரும், நாத்து வாங்கிற காசும் மிச்சம். இன்னொண்டு, மேல காடு சுருங்கச் சுருங்க யானை நம்மட வட்டைக்குள்ளதான் இறங்குது, அதால போற உயிரும் வெள்ளாமையும் எவ்வளவு எண்டு இஞ்ச ஆருக்கும் சொல்லத் தேவையில்ல.


கல்லடிப் புவியியல் வாத்தி:

ஏறாவூரான், வட்டையான் சொன்னதுக்கு மேல ஒரு வரி. தனி மரத்தோட்டத்தையும் காட்டுக் கணக்கில சேத்துத்தான் சில நேரம் நாட்டுர காட்டு வீதம் சொல்றாங்க. நம்மட நாட்டில காடு 30 சதவீதத்துக்குக் கிட்ட எண்டு கேள்விப்பட்டா, அதில அடர்காடு எவ்வளவு, ஐதான காடு எவ்வளவு, நீரேந்துப் பகுதியில எவ்வளவு எண்டு கேளுங்க. தண்ணிக்கு முக்கியம் காடு எங்க இருக்கு எண்டது.


படுவான்கரைப் பெடியன்:

அப்ப கூட்டத்தில நான் இப்பிடிச் சொல்லப் போறன். மாரி மழை கடலால வருது, மாமா சொன்னது சரி. சித்திரை இடிமழையும் கோடையில ஆத்து ஓட்டமும் குளத்தில மண் சேருறதும் காட்டோட சம்பந்தப்பட்டது, தம்பி பயந்ததும் நியாயம். கொட்டுற மழை இன்னும் மோசமாக் கொட்டும், அதால மேல காடு முந்தியவிட இப்பத்தான் கூடத் தேவை. மாமாவ ஆக்களுக்கு முன்னால தோக்கடிக்காமச் சொல்ற மாதிரியும் இருக்கும், அவர் மனசு வெச்சாத்தான் கடிதத்தில மற்றப் பெரிய காணிக்காரப் போடிமாரும் கையெழுத்து வைப்பாங்க. இதுக்கு ஆதாரமா நம்மட ஊர்க் கணக்கு ஏதும் காட்ட ஏலுமா? அமேசன் இலக்கத்த மட்டும் சொன்னா நம்புவாங்களோ தெரியல்ல.


தம்பிலுவில் புள்ள:

ஏலும். மட்டக்களப்பு வானிலை நிலையத்தில நூறு வருசத்துக்கு மேலான மழைப் பதிவு இருக்கு. குளத்து நீர்மட்டம் நீர்ப்பாசனப் பொறியியலாளர் அலுவலகத்தில கேக்கணும், அமைப்புர கடிதத் தலைப்பில எழுதிக் கேளுங்க. எடுத்த உடன வருச மொத்தத்தக் கூட்டாதீங்க. ஐப்பசி தொடங்கி தை வரைக்கும் தனியா, பங்குனி சித்திரை தனியாப் பிரிங்க. மழை பெய்ஞ்ச நாள் எத்தின, ஒரு நாள்ல 100 மில்லிமீற்றருக்கு மேல பெய்ஞ்சது எத்தின தரம் எண்டு வேறயா எழுதுங்க. மறுகா ஒரே அளவு மாரி மழை பெய்ஞ்ச ரெண்டு வருசத்த எடுங்க, ஒண்டு பழைய வருசம், ஒண்டு இப்பத்தைய வருசம். குளம் எப்ப நிரம்பிச்சு, வான் எப்ப பாய்ஞ்சுது, ஆவணியில எவ்வளவு மிஞ்சிச்சு எண்டு பக்கத்துப் பக்கத்தில வையுங்க. இடையில அணைக்கட்டத் திருத்தியிருந்தாலோ புதுசாக் குடிதண்ணிக்கு எடுத்திருந்தாலோ அதையும் குறிச்சுக்கங்க, இல்லாட்டி மண் சேந்த கணக்கோட அது கலந்திரும்.


படுவான்கரைப் பெடியன்:

சரி அக்கா. உன்னிச்சைக்கும் உறுகாமத்துக்கும் ரெண்டு குளத்துக்குமே கேக்கிறன், ரெண்டுக்கும் மேல காடு ஒரே மாதிரி இல்ல. எங்கட வட்டைக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானையார் பழைய நீர்மட்டக் கொப்பி சிலது வீட்டில வெச்சிருக்கார் எண்டு இப்பத்தான் கேள்விப்பட்டன், நாளைக்கு வெள்ளெனப் போய் அதையும் படம் எடுத்து இஞ்ச போடுறன், சேர் பாத்துச் சொல்லுங்க.